கடல் கடந்த நம்மவரின் க்ஷேமமும் காட்டேரிக்குப்பத்தின் கடமையும்

ஓர் இனத்தார் செல்வம் பெறுவதும் மற்றோர் இனத்தார் வறுமையுறுவதும் அவரவர் இரத்தத்தின் குணம் என்று கூறுவோர் எக்காலத்திலும் உண்டு. நாம் அடிமைப்பட்டிருந்த நாளில் நம்மைக் குறித்தும் அவ்வாறே கூறினர். இந்தியன் சோம்பேறி, மேலே ஒருவன் நின்று ஏவினாலன்றி உழைக்கமாட்டான் என்பது தோட்ட முதலாளிகளின் நித்திய பல்லவியாயிருந்தது. அப்பல்லவி இன்று ஐரோப்பாவில் வேறு இருவரைக் குறித்துப் பாடப்படுகிறது. ஒருவர் ஆப்கானியர், மற்றவர் மொராக்கோவினர். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் அந்நியர், இவர்களில் யார் முன்னேறுகிறார், யார் பின்தங்குகிறார் என்று கணக்கெடுத்து, அக்கணக்கிலிருந்து இனத்தின் குணத்தைக் கண்டுபிடிக்கச் சில அரசியல்வாதிகள் முயலுகின்றனர். இம்முயற்சி எவ்வளவு பிழையானது என்பதை நமது நேயர்கள் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஏனெனில் இவ்விஷயம் நம் வீட்டு வாசல் வரை வந்து நிற்பது.

மொராக்கோவினர் ஐரோப்பாவுக்கு வந்த விதம் யாது? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மேற்கு ஐரோப்பாவின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆள் போதவில்லை. 1963-ஆம் வருஷம் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும், 1964-இல் பெல்ஜியமும், 1969-இல் ஹாலந்தும் மொராக்கோ சர்க்காருடன் ஆள் சேர்க்கும் உடன்படிக்கை செய்துகொண்டன. ரீஃப் மலைநாட்டுக் குடியானவர் பலர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். சேர்த்தவர்கள் அவர்களுடைய படிப்பைப் பார்க்கவில்லை; தோள்வலியைப் பார்த்தனர். சில வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்ற எண்ணத்தால், அவர்களுக்குப் பாஷை கற்பிப்பதிலும் தொழில் கற்பிப்பதிலும் எவரும் சிரத்தை காட்டவில்லை. 1973-ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஆலைகளும் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவர்களில் பெரும் பகுதியார் வேலையிழந்து, நகர்களின் மலிவான குடியிருப்புகளில் தங்கிவிட்டனர். அவர்களுடைய குழந்தைகள் அவ்விடத்தினின்றே வாழ்க்கையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஆப்கானியர் கதை வேறு. 1979-இல் சோவியத் சேனை காபூலில் புகுந்ததும், 1992-இல் நஜீபுல்லாவின் சர்க்கார் வீழ்ந்ததும், 1996-இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்ததும் அவர்களை அலை அலையாகத் துரத்தின. தொண்ணூறுகளில் ஹாலந்தை அடைந்தோரில் டாக்டர்களும் உபாத்தியாயர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் மிகுந்திருந்தனர். அகதி முகாம்களில் வருஷக்கணக்காகக் காத்திருந்ததாலும், காபூல் சர்வகலாசாலைப் பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லாததாலும் அவர்களில் அநேகர் முதலில் சர்க்கார் உதவியில் ஜீவித்தனர். ஆயினும் அவர்கள் மக்கள் பள்ளிகளில் நன்கு தேறினர். ஆனால் 2015-ஆம் வருஷத்தையொட்டி வந்த ஆப்கானிய இளைஞரிலோ பள்ளிப்படிப்பைச் சரியாகக் காணாதவர் பலர். அவர்கள் முதல் அலையினரைவிட அதிகமாக இடர்ப்படுகின்றனர். இனம் ஒன்றே, இரத்தம் ஒன்றே, பலன் மட்டும் வேறாயிற்று. ஆகவே இரத்தம் காரணமாகாது. எந்த வாசல் வழியாக ஒருவன் நுழைந்தான், நுழைந்தபோது அவன் கையில் என்ன காகிதம் இருந்தது, நுழைந்தபின் அவனுக்கு என்ன உரிமை கிடைத்தது என்பவையே காரணமாதல் வேண்டும்.

இதைத் தீர விசாரிக்க நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுவதில்லை. காட்டேரிக்குப்பத்தில் நின்று கிழக்கே கடலை நோக்கினால் போதும்.

முதற் கப்பல்

புதுவைக்கு வடமேற்கே மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்தது காட்டேரிக்குப்பம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் இப்பகுதியின் வரைபடம் கந்தல் துணிபோல் இருந்தது. ஒரு வயல் பிரெஞ்சு எல்லை. அடுத்த வயல் ஆங்கில எல்லை. வரப்பைத் தாண்டினால் ராஜ்யம் மாறும்; ஆனால் பேசும் பாஷையும், உண்ணும் கேழ்வரகும், கும்பிடும் மாரியம்மனும் மாறுவதில்லை. இந்நாட்டிலிருந்து கடல் கடந்தவர்களின் சரித்திரமே நாம் சொல்ல வந்த சரித்திரம்.

1848-ஆம் வருஷம் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைத்தனத்தை ஒழித்தது. ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள் உடனே வேறு கைகளைத் தேடினர். புதுவையும் காரைக்காலும் அவர்களுக்கு ஆள் ஏற்றும் துறைகளாயின. மேஸ்திரிகள் பிரெஞ்சு எல்லையில் மட்டுமன்றி, வரப்புக்கு அப்பாலிருந்த ஆங்கில எல்லைக் கிராமங்களிலும் புகுந்து, பஞ்சத்தாலும் கடனாலும் நொந்தவர்களைப் பிடித்துப் புதுவைக்குக் கொணர்ந்தனர். 1853-இல் முதற் கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது. 1854-இன் முடிவில் குவாதலூப்பை அடைந்தது. 1860, 1861 வருஷங்களில் ஆங்கில சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் ஆங்கிலப் பிரஜைகளையும் சட்டப்படி ஏற்றுமதி செய்ய வழி பிறந்தது. ஏற்றுமதி என்ற சொல்லை நாம் தெரிந்தே வழங்குகிறோம்.

ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. அமெரிக்கத் தீவுகளில் ஆணுக்கு மாதக் கூலி பன்னிரண்டரை பிராங்க். பெண்ணுக்கு அதிற் குறைவு. உணவு, உறைவிடம், துணி, வைத்தியம், முடிவில் ஊர் திரும்பக் கப்பல் இவை யாவும் காகிதத்தில் இருந்தன. காகிதத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே இருந்த தூரமோ, புதுவைக்கும் குவாதலூப்புக்கும் இடையே இருந்த தூரத்தினும் பெரிது. முன்பணம் கூலியில் பிடிக்கப்பட்டது. நோயால் படுத்தாலும் வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே காணப்பட்டவன் திரிவோன் என்று கைது செய்யப்பட்டான். எஜமானன் மீது குறை சொல்ல விரும்பியவன், எஜமானனுக்கு வேண்டியவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இதன் பலனைக் கணக்கே கூறும். குவாதலூப்பில் மட்டும் 42,000 பேருக்கு மேல் இறக்கப்பட்டனர். ஊர் திரும்பியவர் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவு. மார்த்தினிக்கில் இறங்கியவர் சுமார் 25,000. ரெயூனியோனில் இருந்த நம்மவர் நிலையை ஆராய 1877-இல் ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழுவை அனுப்பினர். 1882-இல் அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்திற்று. 1888-இல் குவாதலூப்புக்கும் நிறுத்திற்று. ஐந்து வருஷம், பத்து வருஷம் கரும்பு வெட்டியவன் கையில் மிஞ்சிய செல்வம் யாது? பெரும்பாலோர்க்கு ஒரு குடிசையும், அதைச் சுற்றி முதலாளி விட்டுக்கொடுத்த துண்டு நிலமுமே.

இரண்டாம் கப்பல்

இதே புதுவைத் துறையிலிருந்து கிழக்கு நோக்கி மற்றொரு கப்பல் சென்றது. அது போன இடம் சைகோன்.

அதற்கு முன் நடந்த ஒரு வழக்கைக் கூற வேண்டும். 1873-ஆம் வருஷம் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலப் பாதரட்சை அணிந்து புதுவை நியாயஸ்தலத்தில் நுழைந்தார். இந்தியன் அவ்வாறு வரலாகாது என்று தடுத்தனர். அவர் பாரிஸிலுள்ள உச்ச நியாயஸ்தலம் வரை வழக்காடி வென்றார். ஒரு ஜோடி பாதரட்சையில் பிறந்த அக்கிளர்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 1881-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தது. தன் குலாசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கும் இந்தியன் எவனும், பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, குடும்பப் பெயர் ஒன்றையும் பூண்டுகொண்டால், அவனுக்கு அச்சட்டமே செல்லும் என்பது அவ்வுத்தரவின் சாரம். இவ்வாறு துறந்தவர்களை ரெனோன்சான் என்றனர்.

அக்காலத்தில் பிரான்ஸ் கொச்சின்சைனாவைப் புதிதாகக் கைப்பற்றி ஆண்டுகொண்டிருந்தது. கணக்கெழுதவும், சுங்கம் வாங்கவும், வரி தண்டவும், சிறைச்சாலை காக்கவும், கலங்கரை விளக்கேற்றவும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் அங்கு வேண்டியிருந்தனர். புதுவையிலும் காரைக்காலிலும் படித்த ரெனோன்சான்கள் அவ்வேலைகளில் அமர்ந்தனர். கொச்சின்சைனாவில் அவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகக் கருதப்பட்டு வாக்குரிமை பெற்றனர். சைகோனின் தேர்தல்களில் அவர்கள் வாக்கைக் கேட்டு வெள்ளைக்காரர் வந்து நின்றனர். ஐரோப்பிய உத்தியோகஸ்தனுக்கு உள்ள சம்பளமும் படியும் விடுமுறையும் எங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் வாதாடினர். முழு வெற்றி கிட்டாவிடினும், வாதாட ஒரு மேடை இருந்தது. கரும்புத் தோட்டத்தில் அந்த மேடை ஏது?

சைகோன் சென்றவனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. விடுமுறையில் ஊருக்கு வருவான். புதுவையில் வீடு கட்டுவான். பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ப்பான். அப்பிள்ளை தகப்பனைவிட ஒரு படி மேலே உத்தியோகம் பெறுவான். குவாதலூப் சென்றவனுடைய பிள்ளை தகப்பன் வெட்டிய கரும்பையே வெட்டினான். கப்பல் ஏறிய துறை ஒன்று. ஏற்றி அனுப்பிய அதிகாரி ஒருவன். பறந்த கொடி ஒன்று. ஆயினும் இரண்டு தலைமுறைக்குள் இருவருக்கும் நடுவே மலையும் மடுவும்போல் வித்தியாசம் உண்டாயிற்று.

சைகோன் வாழ்வை நாம் புகழ்ந்து பேச வரவில்லை. அந்நிய ஏகாதிபத்தியம் அன்னாமியர் மீது சுமத்திய வரியை நம்மவன் கை தண்டியது என்பதை மறப்பதற்கில்லை. தாய்நாட்டில் அடிமையாயிருந்தவன் பிறநாட்டில் ஆள்வோனின் கையாளாக நின்றது பெருமைக்குரியதன்று. பொருளாதார உண்மையைக் காண்பதே இங்கு நம் நோக்கம்.

ஓர் ஆட்சேபம்

“சைகோன் போனவன் படித்தவன், மேற்குலத்தான், தீவுக்குப் போனவன் ஏழை, எழுத்தறியாதவன், வித்தியாசத்துக்கு அதுவே காரணம்” என்று சிலர் கூறலாம். இதில் பாதி உண்மை உண்டு. எழுத்தறிவு முதற் படி என்பதை யாரும் மறுக்கமாட்டார். ஆனால் மற்றப் பாதியைப் பாருங்கள். ரெனோன்சான்கள் யாவரும் மேற்குலத்தார் அல்லர். ஊரில் தெருவில் நடக்கவும் உரிமையின்றித் தாழ்த்தப்பட்டிருந்தவரும், கிறிஸ்தவராய் மாறிய ஏழைகளும் அவர்களில் மிகுந்திருந்தனர். குலாசாரச் சட்டத்தைத் துறப்பதால் மேற்குலத்தானுக்கு நஷ்டம் உண்டு. தாழ்த்தப்பட்டவனுக்கோ இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவனும் கையெழுத்திட்டான், சைகோனில் சிறைக் காவலனாகவோ போலீஸ்காரனாகவோ சேர்ந்தான், ஓய்வூதியத்துடன் திரும்பினான். அவனுடைய சுற்றத்தானே மேற்கே போன கப்பலில் ஏறியிருந்தால், அவனும் கூலியாகவே மடிந்திருப்பான்.

செல்வம் இருந்தால் போதும், உரிமை எதற்கு என்று எண்ணுவோர்க்கு மூன்றாவது திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சைகோனிலும் ரங்கூனிலும் லேவாதேவி செய்து பெருநிதி குவித்தனர். சைகோனில் இன்றும் நிற்கும் தண்டாயுதபாணி கோயில் அவ்வாழ்வின் சாட்சி. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. விலைவீழ்ச்சியால் கடன் திரும்பாமற்போக, 1938-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. இவ்வளவு பெரிய சொத்துக்கு உடையவர்கள் அந்நாட்டின் பிரஜைகளாக வேரூன்றவில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பர்மா இந்தியர் காட்டுவழியாக நடந்தே ஓடிவந்தனர். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளும் கம்பெனிகளும் பறிமுதலாயின. பெட்டகத்தில் பூட்டிய பொன் போயிற்று. பத்திரத்தில் எழுதிய நிலமும் போயிற்று.

காலம் காட்டிய முடிவு

இனி, பொன்னே இல்லாத கரும்புக் கூலிகளின் சந்ததியார் என்னவாயினர் என்று காண்போம்.

குவாதலூப்பில் 1863-இல் ஹென்றி சிதம்பரம் என்பார் பிறந்தார். அவர் பெற்றோர் நம் நாட்டினர். இத்தீவில் பிறந்த இந்தியர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிரஜைகளா, அந்நியரா என்ற வழக்கு 1904-இல் எழுந்தது. அந்நியர் என்றால் வாக்கு இல்லை. வாக்கு இல்லையேல் தோட்டக்காரனை எதிர்த்து ஒரு சொல்லும் இல்லை. சிதம்பரம் பத்தொன்பது வருஷம் போராடினார். 1923-இல் இந்தியர் சந்ததியாருக்குப் பிரஜா உரிமை உறுதியாயிற்று. 1946 மார்ச் 19-ந் தேதி ரெயூனியோன், குவாதலூப், மார்த்தினிக், கயானா ஆகிய நான்கும் காலனி நிலை நீங்கிப் பிரான்ஸின் மாகாணங்களாயின. பள்ளியும், ஆஸ்பத்திரியும், முதியோர் உதவியும், சர்க்கார் உத்தியோகமும் சட்டப்படி அவர்களுக்கும் உரியவையாயின.

அதன் பலன் யாது? மலபார் என்று ஏளனமாக அழைக்கப்பட்ட ரெயூனியோன் தமிழர் இன்று அத்தீவின் ஜனத்தொகையில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் என்று மதிப்பிடுவர். கரும்பு வெட்டியவனின் பேரர்கள் அங்கே டாக்டர்களாகவும் உபாத்தியாயர்களாகவும் வியாபாரிகளாகவும் நகர மேயர்களாகவும் இருக்கின்றனர். ழான்-போல் வீராப்புள்ளே செந்தாந்த்ரே நகரின் மேயராகவும் பாரிஸ் செனட் சபை அங்கத்தினராகவும் விளங்கினார். குவாதலூப்பில் எர்னெஸ்ட் மூத்துசாமி 1981 முதல் 2002 வரை பார்லிமெண்ட் அங்கத்தினராயிருந்தார். தமிழ் பேசும் நாவை அவர்கள் பெரும்பாலும் இழந்தனர். தீமிதியையும் மாரியம்மனையும் இழக்கவில்லை.

சைகோன் நம்மவர் வாழ்வோ ஏகாதிபத்தியத்தோடு சாய்ந்தது. 1954-இல் ஜெனிவா உடன்படிக்கைக்குப் பின் உத்தியோகங்கள் ஒழிந்தன. எஞ்சியவர் பலரும் 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது வெளியேறினர். எனினும் பிரஜா உரிமைக் காகிதம் கையில் இருந்தவன் பிரான்ஸுக்குப் போய் மறுபடியும் வாழ்க்கையைத் தொடங்கினான். 1956-ஆம் வருஷத்துப் புதுவை ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாயிருக்க விரும்புவோர்க்கு ஆறு மாதத் தவணை கொடுக்கப்பட்டது. சுமார் 5,000 பேர் அவ்வாறு எழுதிக்கொடுத்தனர். அவர்களிலும் அவர்கள் சந்ததியிலும் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களை இன்றும் புதுவைத் தெருக்களில் காணலாம். அண்டை வீட்டாருக்கும் அவர்களுக்கும் அறிவில் வேற்றுமை உண்டா? உழைப்பில் உண்டா? ஒரு கையெழுத்தே வேற்றுமை.

செல்வமிருந்து உரிமையில்லாதவன் இரண்டையும் இழந்தான். செல்வமில்லாது உரிமை பெற்றவன் நாளடைவில் செல்வத்தையும் அடைந்தான். இதுவே நாம் கண்ட முடிவு.

நமது கடமை

இம்முடிவினால் காட்டேரிக்குப்பத்துக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். பக்கத்து லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரவை நின்று ஆண்டுகள் பல ஆயின. கரும்பை நம்பிய குடியானவன் கலங்கி நிற்கிறான். அவன் மகன் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகப் பணம் திரட்டுகிறான். முன்னாளில் தீவிலிருந்த கரும்பு நம்மை இழுத்துக்கொண்டு போயிற்று. இன்று ஊரிலுள்ள கரும்பு நம்மை வெளியே தள்ளுகிறது. மேஸ்திரியின் இடத்தில் ஏஜெண்டு வந்திருக்கிறான். முன்பணத்தின் இடத்தில் வட்டிக் கடன் வந்திருக்கிறது.

1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பவன் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்று விதித்தது. ஏஜெண்டு வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. இவற்றைக் கிராமத்துக்குத் தெரிவிப்பது யார் பொறுப்பு? தேசத் தொண்டு செய்ய விரும்பும் இளைஞர் ஒவ்வொருவரின் பொறுப்பு என்போம். கப்பலேறுபவன் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லட்டும். அதன் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். சுற்றுலா அனுமதியைக் காட்டி வேலைக்கு அழைப்பவனை நம்பாதிருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பிறன் கையில் கொடாதிருக்கட்டும். இவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். குவாதலூப்பில் மடிந்த ஆயிரக்கணக்கானவருக்கு இச்சிறிய காரியங்கள் கிட்டவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருபுவனை, சேதராப்பட்டு முதலிய இடங்களின் தொழிற்சாலைகளில் ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கின்றனர். நம்மை மலபார் என்று இகழ்ந்த வாயைக் கண்டித்த நாம், அவர்களை இகழ்ச்சிப் பெயரால் அழைக்கலாமா? அவர்கள் நம் தேசத்துப் பிரஜைகள். நம்மைப்போல் பசியால் ஊர் விட்டவர்கள். வெளிமாநிலத் தொழிலாளர் நன்மைக்காக 1979-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன் விதிகள் பின்னர் 2020-ஆம் வருஷத்துத் தொழிற் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. கூலி ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா, நோயுற்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்களா என்று ஊரார் கேட்க வேண்டும். மேலும், கையிழந்தவனைக் குறைந்த கூலிக்கு வைத்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் தாழும் என்பதை நம்மவர் மறவாதிருப்பாராக.

ஊரார் கேட்பதாயின் எங்கே நின்று கேட்பது? இங்குதான் நமக்கு வெட்கம் உண்டாகிறது. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் தாய்நாட்டுடன் இணைய வாக்களித்த பூமி இது. அப்பூமியில் 1968-இல் ஸ்தலஸ்தாபனத் தேர்தல் நடந்தபின் அடுத்த தேர்தலைக் காண 2006 வரை முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தோம். அதற்குப் பின்னும் காலம் முடிந்து நெடுநாள் தேர்தலே நடவாதிருந்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவனும் இல்லையேல், காட்டேரிக்குப்பத்துக் குடியானவன் சொந்த ஊரிலேயே பாதி அந்நியன் ஆகிறான். வாக்கொன்றுக்காகச் சிதம்பரம் பத்தொன்பது வருஷம் போராடினார். நாமோ இருந்த வாக்கை உபயோகமின்றித் துருவேற விட்டிருக்கிறோம்.

1908 முதல் 1918 வரை புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்மக்களை நினைந்து பாடினார். 1912-இல் கோகலே ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கவேண்டி வைஸ்ராய் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1917-இல் ஆள் ஏற்றுவது நின்றது. அவர்கள் கண்ணீர் வடித்ததோடு நிற்கவில்லை, சட்டத்தை மாற்றினர். காட்டேரிக்குப்பத்தில் இன்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் இளைஞன் எந்த வாசல் வழியாக நுழையப்போகிறான் என்பதை அவன் விதி நிர்ணயிக்கட்டும் என்று நாம் வாளாவிருத்தல் தகுமா? அவனை வழியனுப்பு முன் அவன் கையிலுள்ள காகிதத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள்.